பூட்டும் திறப்பும்: ஒற்றைக் கதவின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், மேல்மாடியில் டியூஷன் வகுப்பு நடத்துபவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

வீட்டு வேலை முடியும் தறுவாயில் எல்லோரும் ஹாட்வெயார் கடைக்குப் போகிறோம். கதவு அதற்கு முன்பே வந்திருக்கும். பலாவா, தேக்கா, மஹோகனியா என்று மாதக்கணக்கில் யோசித்து, பாஸோடு வாதாடி, கடன்பட்டுச் செய்வித்த கதவு. ஆனால் அந்தக் கதவுக்குரிய பூட்டையும் கைப்பிடியையும் பிணைச்சலையும் கொண்டியையும் தெரிவு செய்ய நாம் செலவழிப்பது பத்து நிமிடம். கடைக்காரரிடம் கேட்பதும் ஒரே ஒரு கேள்விதான்: "நல்ல பலமான லொக் எது?"

கள்வன் உள்ளே வரக்கூடாது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உள்ளே இருக்கிறவர் இருட்டில், பதற்றத்தில், கையில் திறப்பு இல்லாமல் இந்தக் கதவைத் திறந்து வெளியே வரலாமா?

முதல் கேள்விக்கு வயது ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு. இரண்டாவது கேள்வியை உலகம் உரத்துக் கேட்கத் தொடங்கி நூற்று நாற்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதையும் யாரும் சும்மா இருந்து யோசித்துக் கேட்கவில்லை. பிள்ளைகளின் ஜனாஸாக்களை எண்ணிய பிறகுதான் கேட்டார்கள்.

வெளியே நிற்பவனுக்கு எதிரான பூட்டு

பழைய எகிப்திலும் மெசப்பொத்தேமியாவிலும் பயன்பட்ட மரப்பூட்டைப் பாருங்கள். கதவின் குறுக்கே ஒரு மரத்தாழ். அதில் சில துளைகள். மேலே இருந்து சிறிய மரக்குச்சிகள் தம் பாரத்தாலேயே அந்தத் துளைகளுக்குள் விழுந்து தாழை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். திறப்பு என்பது பல் வைத்த ஒரு நீண்ட மரத்துண்டு, இன்றைய பல்துலக்கும் பிரஷ் மாதிரி. அதை உள்ளே விட்டுத் தூக்கினால் குச்சிகள் மேலெழும்பும், தாழ் இழுபடும். இவ்வளவுதான் சூத்திரம்.

இன்று உங்கள் சட்டைப் பையில் கிடக்கும் பித்தளைத் திறப்பும் இதே சூத்திரத்தில்தான் வேலை செய்கிறது. அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1861 இலும் 1865 இலும் பெற்ற காப்புரிமைகளில், மரக்குச்சிகளுக்குப் பதிலாகச் சின்ன உலோக முளைகளையும் அவற்றை அழுத்தும் சுருள்வில்லையும் வைத்து, ஒரு சிறிய உருளைக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். தட்டையான, ஓரம் வெட்டுப்பட்ட சின்னத் திறப்பு அப்போதுதான் பிறந்தது. அதற்கு முன்பு வீட்டுத் திறப்பு என்றால் உள்ளங்கை நீள இரும்பு.

இடையில் எத்தனையோ பேர் பூட்டோடு மல்லுக்கட்டினார்கள். தியார்பக்கீரில் அர்தூக்கிய மன்னர்களிடம் பணிபுரிந்த அல்-ஜஸரி, 1206 இல் முடித்த தன் பொறியியல் நூலில் நான்கு வட்டுகள் கொண்ட ஒரு பெட்டிப் பூட்டை விவரிக்கிறார். வட்டுகளை உரிய எழுத்துக்களுக்குத் திருப்பினால்தான் அது திறக்கும். இன்று சூட்கேஸில் இலக்கம் திருப்புகிறோமே, அதன் மூதாதை. அந்த நூலிலேயே அரண்மனைக்கு உலோகத்தில் வார்த்த ஒரு கதவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கதவும் பூட்டும் அறிஞர்களின் வேலையாக இருந்த காலம் அது.

இங்கிலாந்தில் 1817 இல் போர்ட்ஸ்மத் கப்பல் கட்டும் தளத்தில் களவு போனது. திறக்க முடியாத பூட்டு ஒன்றைச் செய்து தருபவருக்கு அரசாங்கம் 100 பவுண் பரிசு அறிவித்தது. 1818 இல் ஜெரமையா சப் என்பவர் ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். யாராவது கள்ளத் திறப்புப் போட்டால் அது தானாக இறுகி, "யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும். சிறைக்கப்பலில் இருந்த பூட்டுத் தொழில் தெரிந்த ஒரு கைதியிடம் அதைக் கொடுத்து, திறந்தால் விடுதலை என்றார்கள். அவன் மாதக்கணக்கில் முயன்றும் முடியவில்லை.

ஆனால் 1851 இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஏ.சீ. ஹொப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். அடுத்து, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து "திறப்பவருக்கு 200 கினி" என்று அறுபது வருடமாகச் சவால் விட்டுக்கொண்டிருந்த பிராமா பூட்டையும் பதினாறு நாட்களில், மொத்தம் ஏறத்தாழ 51 மணித்தியாலம் உழைத்துத் திறந்தார். நாடே கதிகலங்கியது. பத்திரிகைகள் வரிந்துகட்டி எழுதின.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஆபத்து எப்போதும் கதவுக்கு வெளியே நிற்கிறது. உள்ளே இருப்பது பொன்னும் பொருளும். உள்ளே மனிதர்கள் இருக்கலாம் என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை.

ஒரு கொண்டி, 183 பிள்ளைகள்

1883 ஜூன் 16, சனிக்கிழமை. இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லண்ட் நகரம். விக்டோரியா மண்டபத்தில் பிள்ளைகளுக்கான மாயாஜாலக் காட்சி. மேல் கலரியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பெரும்பாலும் பெற்றோர் இல்லாமல் வந்தவர்கள்.

காட்சி முடியும்போது பரிசு கொடுக்கப்படும் என்று அறிவித்தார்கள். கீழே மேடையில் இருந்தவர்கள் கையெட்டிய பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருட்களைக் கொடுக்கத் தொடங்கினார்கள். மேலே இருந்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படிக்கட்டால் இறங்கி ஓடினார்கள்.

படிக்கட்டின் அடியில் ஒரு கதவு. அது உள்பக்கமாக, பிள்ளைகள் வரும் திசைக்கு எதிராகத் திறப்பது. அதை யாரோ கொஞ்சமாகத் திறந்து வைத்து, கொண்டியை நிலத்துத் துளைக்குள் இறக்கியிருந்தார்கள். ஒரு ஆளாகப் போகத்தக்க இடைவெளி மட்டும். டிக்கட் பார்த்து ஒவ்வொருவராக விடுவதற்கு வசதியான ஏற்பாடு. முன்னால் வந்த பிள்ளைகள் அந்த இடைவெளியில் சிக்கினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. தள்ளினார்கள். மேலும் தள்ளினார்கள்.

மண்டபத்தின் காவலாளி அந்தக் கொண்டியைத் தூக்க முயன்றார். பிள்ளைகளின் பாரம் கதவை அழுத்திக்கொண்டிருந்ததால் முடியவில்லை. வேறொரு படிக்கட்டால் மேலே ஓடி, ஏறக்குறைய 600 பிள்ளைகளை வேறு வழியால் வெளியே அனுப்பினார். கதவடியில் நின்றவர்கள் இடைவெளியால் பிள்ளைகளை ஒவ்வொருவராக இழுத்தெடுத்தார்கள்.

183 பிள்ளைகள் இறந்தார்கள். மூன்று வயது முதல் பதினான்கு வயது வரை.

அன்று அங்கே தீ இல்லை, புகை இல்லை, கட்டிடம் இடியவில்லை. ஒரு ஒற்றைக் கதவும் அதில் ஒரு கொண்டியும்தான். அந்தக் கொண்டியை இறக்கியது யார் என்பது விசாரணையில் கடைசிவரை உறுதியாகவில்லை.

இதன் பின்னர்தான் பொது மண்டபக் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே ஆட்கள் இருக்கும்போது பூட்டியிருக்கக் கூடாது என்ற குரல் இங்கிலாந்தில் சட்டமாக மாறத் தொடங்கியது. 1892 இல் ரொபர்ட் பிரிக்ஸ் என்ற கட்டிடக் கலைஞர், உள்ளிருந்து தள்ளினாலே விடுபடும் ஒரு தாழுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு வைத்த பெயரே 'பெனிக் போல்ட்', அதாவது பீதியில் தள்ளும் தாழ்.

"இது எப்படித் திறக்கும்?"

சட்டம் ஒரு நாட்டில் வந்தால் அடுத்த நாடு படிக்காது. அது தன் பிள்ளைகளைக் கொடுத்துத்தான் படிக்கும்.

1903 டிசம்பர் 30. சிக்காகோவில் இரோக்குவா என்ற புத்தம் புதிய தியேட்டர். "முற்றிலும் தீப்பிடிக்காதது" என்று விளம்பரம் செய்யப்பட்டது. விடுமுறை நாள் பகல் காட்சி என்பதால் தாய்மாரும் பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். மேடை விளக்கு ஒன்றால் திரையில் தீப்பற்றியது. 602 பேர் இறந்தார்கள்.

வெளியேறும் கதவுகள் அங்கே இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தன. சில திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன, சில பூட்டியிருந்தன. இன்னும் சிலவற்றில் ஐரோப்பியப் பாணியிலான ஒரு நெம்புத் தாழ் பொருத்தப்பட்டிருந்தது. அழகானது, விலை கூடியது, அமெரிக்கர்கள் அநேகமாகக் கண்டிராதது. கதவடிக்கு வந்து சேர்ந்தவர்கள் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் தடுமாறினார்கள்.

ஒரு கதவை மட்டும் பிராங்க் ஹவுஸ்மன் என்ற முன்னாள் பேஸ்போல் வீரர் திறந்தார். ஊழியர் தடுத்தும் கேட்காமல் திறந்தார். அவருக்கு மட்டும் எப்படி முடிந்தது? அவருடைய வீட்டு ஐஸ் பெட்டியில் அதேமாதிரியான தாழ் இருந்தது. அவ்வளவுதான். ஐஸ் பெட்டியில் பழகிய கை பல உயிர்களைக் காப்பாற்றியது.

அன்று அந்தக் காட்சிக்குப் போகவிருந்த ஒருவர் கடைசி நேரத்தில் வேலை வந்ததால் போகவில்லை. பெயர் கார்ல் பிரின்ஸ்லர். தொழில், இண்டியானாபோலிஸ் நகரில் வொனகட் ஹாட்வெயார் கம்பனியின் விற்பனையாளர். ஆம், கதவுச் சாமான் விற்கிறவர்! அந்தத் துயரம் அவரை விடவில்லை. ஹென்றி டியூபொண்ட் என்ற பொறியியலாளரோடு சேர்ந்து வேலை செய்து, 1908 இல் ஒரு சாதனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கதவின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பி. கையால் தள்ளினாலும் சரி, உடம்பு மோதினாலும் சரி, தாழ் விடுபட்டுக் கதவு திறக்கும். வெளியே இருந்து பார்த்தால் அது பூட்டிய கதவு. உள்ளே இருப்பவருக்கு அது பூட்டாத கதவு. வொனகட், டியூபொண்ட், பிரின்ஸ்லர் மூவரின் பெயரையும் கோத்து 'வொன் டூப்ரின்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் இன்றும் சாமான் வருகிறது.

அதே 1908 இல், மார்ச் 4 ஆம் திகதி, அமெரிக்காவின் ஓஹையோவில் கொலின்வுட் என்ற ஊரின் பாடசாலையில் தீப்பற்றியது. கீழே இறங்கி ஓடிய பிள்ளைகள் பின்வாசலின் ஒடுங்கிய முகப்பில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து அடைத்துக்கொண்டார்கள். 172 மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் காப்பாற்றப் போன ஒருவரும் இறந்தார்கள். பாடசாலையில் வேலை செய்பவன் என்ற முறையில் இந்த இலக்கத்தை என்னால் வெறும் இலக்கமாக வாசிக்க முடிவதில்லை. நம்முடைய ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் அது நாலு வகுப்புக்கும் மேல்.

களவுப் பயத்தின் விலை

1911 மார்ச் 25, நியூயோர்க். டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் துணித்துண்டு ஏதும் திருடிக்கொண்டு போகிறார்களா என்று கைப்பைகளைச் சோதிப்பதற்காக எல்லோரையும் ஒரே வாசலால் அனுப்புவது வழக்கம். தீப்பற்றியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் குடியேறிய ஏழைக் குடும்பங்களின் இளம் பெண்கள்.

வேலை நேரத்தில் கதவைப் பூட்டக்கூடாது என்ற சட்டம் அப்போதே இருந்தது. கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பதைச் சந்தேகமறக் காட்ட முடியாததால் இருவரும் விடுதலையானார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களில் ஒருவர் தன் வேறொரு தொழிற்சாலையில் மறுபடியும் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். தண்டம் 20 டொலர்.

1942 நவம்பர் 28, பொஸ்டன் நகரில் கோக்கனட் குரோவ் என்ற களியாட்ட விடுதியில் தீ. 492 பேர் இறந்தார்கள். பிரதான வாசலில் இருந்தது ஒரு சுழல் கதவு. இரண்டு பக்கமும் ஆட்கள் தள்ள அது இறுகி நின்றுவிட்டது. கீழ்த்தளத்திலிருந்து ஏறும் படிக்கட்டின் உச்சியில் இன்னொரு கதவு. அதில் பெனிக் பார் பொருத்தியே இருந்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு தாழையும் போட்டு அடைத்திருந்தார்கள். உயிர் காக்கும் சாமானை வாங்கி மாட்டிவிட்டு, அதன் மேலேயே ஒரு தாழையும் போட்டால் வாங்கிய காசும் வீண், உயிரும் வீண்.

"இதெல்லாம் அந்தக் காலம், அந்த நாடு" என்று நினைக்காதீர்கள். 2012 செப்டெம்பர் 11, கராச்சியின் பல்தியா டவுனில் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 250 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாசல்கள் பூட்டியிருந்தன, யன்னல்களில் இரும்புக் கம்பிகள். அந்தத் தீ வேண்டுமென்றே மூட்டப்பட்டது என்று 2020 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூட்டியவன் குற்றவாளிதான். ஆனால் தீ வைத்தவனுக்கும் செத்தவர்களுக்கும் இடையில் பூட்டிய கதவு ஒன்று நின்றது என்பதை அந்தத் தீர்ப்பு மாற்றாது. அதே ஆண்டு நவம்பர் 24, டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் தொழிற்சாலையில் குறைந்தது 112 பேர். அங்கும் பூட்டிய வாயில்கள்.

ஆக, நியூயோர்க் 1911 க்கும் கராச்சி 2012 க்கும் இடையில் நூறு வருடம். அதே காரணம், அதே பூட்டு.

கதவு திறப்பதால் மட்டுமல்ல, தானாக மூடுவதாலும் உயிர் காக்கும் என்பதை 2017 இல் லண்டன் காட்டியது. நோன்பு மாதத்தில், ஜூன் 14 அதிகாலை, கிரென்பெல் டவர் மாடிக் குடியிருப்பு எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். தப்பி ஓடிய குடும்பங்களின் வீட்டுக் கதவுகள் பல தாமாக மூடவில்லை. கதவை இழுத்து மூடும் குளோசர் பலவற்றில் உடைந்திருந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. அதனால் புகை பொது நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் பரவியது என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஒரு சின்னச் சாமான்தான். பழுதானால் யாரும் கவனிக்காத சாமான்.

மூன்று "வேண்டாம்"

இத்தனை மரணங்களுக்குப் பிறகு உலகம் எழுதிக்கொண்ட விதி மிகச் சுருக்கமானது. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், டிரையாங்கிள் தீக்குப் பிறகு 1913 இல் உயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு குழு அமைத்து எழுதத் தொடங்கிய நெறிமுறையின் சாரம் இதுதான். வெளியேறும் கதவைத் திறக்கத் திறப்பு வேண்டாம், கருவி வேண்டாம், விசேட அறிவு வேண்டாம். கடைசி "வேண்டாம்" எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கும். எல்லோர் வீட்டிலும் அந்த ஐஸ் பெட்டி இருக்காது.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ கூடும் இடத்தில் கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும் என்பதும் அந்த நெறியில் உண்டு.

ஐரோப்பியத் தரநிலைகள் இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தன. கட்டிடம் பழகிய சிலர் மட்டும் புழங்கும் இடத்துக்கு ஒரு தரம் (ஈ.என். 179). அங்கே ஒரு நெம்புகைப்பிடி போதும். பொதுமக்கள் கூடும் இடத்துக்கு இன்னொரு தரம் (ஈ.என். 1125). அங்கே குறுக்குக் கம்பி வேண்டும். அதாவது கதவுச் சாமான் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியது கதவை மட்டுமல்ல. அந்தக் கதவுக்குள்ளே இருக்கப்போவது யார் என்பதை.

நம் வீட்டுக்கும் கடைக்கும் இதை வைத்துப் பார்ப்போம்.

1. வீட்டு முன்கதவு. வெளியே திறப்பு, உள்ளே கையால் திருகும் குமிழ் உள்ள பூட்டை வாங்குங்கள். இரண்டு பக்கமும் திறப்பு போட வேண்டிய பூட்டுக் கூடுதல் பாதுகாப்பு என்று சொல்லி விற்பார்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது உள்பக்கமும் அதைப் பூட்டிவிட்டுத் திறப்பை அலுமாரியில் வைத்தால், இரவில் மின்சாரம் நின்று புகை சூழ்ந்த நேரத்தில் அதைத் தேடுவது யார்? கதவோரம் கண்ணாடி இருந்து, உடைத்துக் கை விட்டுக் குமிழைத் திருகுவார்கள் என்று பயந்தால், கண்ணாடியைப் பலப்படுத்துங்கள் அல்லது அதற்குக் கம்பி போடுங்கள். கதவைச் சிறையாக்காதீர்கள்.

2. மேல்கொண்டி, கீழ்கொண்டி. நம் வீடுகளில் பூட்டுக்கு மேலதிகமாக இவை இரண்டும் கட்டாயம் போல ஆகிவிட்டன. பூட்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று என்றால் திறக்க மூன்று வேலை. மேல்கொண்டி எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டாது, கீழ்கொண்டிக்கு மூத்தம்மாவால் குனிய முடியாது. தரமான ஒரு பூட்டு, தரமில்லாத மூன்று கொண்டியை விட நல்லது. போடத்தான் வேண்டும் என்றால் கைப்பிடி உயரத்தில் ஒன்று போதும்.

3. கிறில் கேட்டும் ஆமைப்பூட்டும். முன்கதவுக்கு வெளியே ஒரு கிறில் கேட், அதில் உள்ளே இருந்து கை விட்டுப் பூட்டும் ஆமைப்பூட்டு. இதுதான் என்னைப் பொறுத்தவரை நம்மூர் வீடுகளின் மிகப் பெரிய ஆபத்து. யன்னல்களிலும் கம்பி இருப்பதால் வேறு வழியே கிடையாது. கிறில் கேட்டுக்கும் உள்ளே திருகிக் குமிழ் உள்ள பூட்டு வைக்கலாம், வெளியே இருந்து கை எட்டாதபடி பின்னால் ஒரு தகடு அடித்துவிடலாம். வெல்டிங் பாஸுக்கு இது அரை நாள் வேலை. அதுவரைக்கும், திறப்புக்கு ஒரு ஆணி அடியுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில், வெளியே இருந்து எட்டாத, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, ஒரு நாளும் மாறாத ஒரு ஆணி. ஒரு படுக்கை அறை யன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கம்பிச் சட்டம் வையுங்கள்.

4. கைப்பிடி. உருண்டைக் குமிழ் பார்க்க அழகு. வாதம் உள்ள கைக்கும், வுழூ செய்த ஈரக் கைக்கும், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் தாய்க்கும் அது எதிரி. நீட்டுக் கைப்பிடி என்றால் முழங்கையாலும் திறக்கலாம். அமெரிக்காவில் 1990 இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிமுறைகள், இறுகப் பிடிக்காமலும் மணிக்கட்டைத் திருகாமலும் ஒரு கையால் இயங்கும் சாமானைத்தான் பொதுக் கட்டிடங்களில் கேட்கின்றன. உருண்டைக் குமிழ் அங்கே பின்வாங்கியதற்கு அதுவே காரணம்.

5. குளியலறைக் கதவு. உள்ளே தாழிட்டாலும், வெளியே இருந்து ஒரு சில்லறைக் காசால் திருப்பித் திறக்கக்கூடிய வகை இருக்கிறது. வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில் அதைத் தவிர வேறெதுவும் வேண்டாம். உள்ளே வழுக்கி விழுந்த வாப்பாவைத் தூக்கக் கதவை உடைக்க வேண்டி வரக்கூடாது.

6. பிணைச்சல். பாரமான மரக்கதவுக்கு இரண்டு போதாது, மூன்று வேண்டும். இல்லாவிட்டால் கதவு இறங்கி, நிலையில் உரசி, மழைக்காலத்தில் ஊதி, அவசரத்துக்குத் திறக்காது. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவென்றால் பிணைச்சலின் ஆணி வெளியே தெரியும், கள்வன் அதைத் தட்டிக் கழற்றலாம். கழற்ற முடியாத ஆணி உள்ள பிணைச்சலைக் கேட்டு வாங்குங்கள். கடலோர ஊர்களில் மலிவான இரும்பு உப்புக் காற்றில் விரைவாகத் துருப்பிடித்து இறுகிவிடும். பித்தளை, அல்லது 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு நின்று பிடிக்கும்.

7. கடை. முன்னால் சட்டர், பின்னால் களஞ்சியத்துக்கு ஒரு கதவு. இரவில் வேலைப் பிள்ளைகள் உள்ளே படுக்கிற கடைகள் நம்மிடம் இருக்கின்றன. முதலாளி வெளியே சட்டரைப் பூட்டித் திறப்பை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அந்தப் பிள்ளைகளும் வேறொரு உம்மாவின் பிள்ளைகள். பின்கதவில் உள்ளிருந்து திறப்பில்லாமல் திறக்கும் பூட்டு ஒன்று இல்லாமல் யாரையும் உள்ளே படுக்க வைக்காதீர்கள். அந்தக் கதவடியில் சாக்கு மூட்டையும் அடுக்காதீர்கள்.

8. டியூஷன் வகுப்பு, விடுதி, கல்யாண ஹோல். இங்கே குறுக்குக் கம்பிதான். வெளியே பூட்டியபடி, உள்ளே எப்போதும் திறந்தபடி. ஒழுங்குக்காகவோ களவுக்காகவோ சங்கிலி போட வேண்டிய தேவையே வராது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். மாடிப் படிக்கட்டின் அடியில் கேட் போட்டு, "வகுப்பு முடியும் வரைக்கும் யாரும் போகக்கூடாது" என்று பூட்டுவது சண்டர்லண்டின் கொண்டியை மறுபடியும் இறக்குவதுதான்.

ஒரு சொல்

கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இதைச் 'சாவி' என்கிறார்கள். போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. நாமும் 'யன்னல்', 'அலுமாரி' என்று போர்த்துக்கேயச் சொற்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டவர்கள்தான். ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும் நம் பேச்சில் 'திறப்பு' என்ற சொல்லே நிலைத்திருக்கிறது. பூட்டுவதற்கும் அதே பொருள்தான் பயன்படுகிறது. ஆனாலும் நம்மவர்கள் அதைப் 'பூட்டுவது' என்று அழைக்கவில்லை, 'திறப்பு' என்றே அழைத்தார்கள். சொல்லில் இருக்கும் அந்த ஞானம் நம் கதவுகளிலும் இருக்க வேண்டும்.

இன்றிரவு ஒரு வேலை செய்து பாருங்கள். இஷாவுக்குப் பிறகு வழமைபோல எல்லாக் கதவையும் பூட்டுங்கள். விளக்குகளை அணையுங்கள். வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளையையும் ஆக வயதானவரையும் கூப்பிட்டு, "வெளியே போய்க் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். போன் வெளிச்சம் வேண்டாம், யாரும் உதவ வேண்டாம். ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணுங்கள்.

முப்பதுக்குள் அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றால் அல்ஹம்துலில்லாஹ். நிற்காவிட்டால், நாளைக் காலையில் ஹாட்வெயார் கடைக்குப் போங்கள். இந்த முறை இரண்டு கேள்வியையும் கேளுங்கள்.

கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கும் பாஸ்மாருக்கும் இந்தப் பதிவை அனுப்பிவிடுங்கள். வாங்குகிறவர் கேட்க மறந்தாலும் விற்கிறவர் சொல்லலாம்.